தறிச்சத்தம் பாட்டுக்குள் போன ஊர்

செங்காட்டுவலசில் தறிகளின் சத்தம் காணாமல் போன விஜயதசமி அன்று, அதை முதலில் தெரிந்துகொண்டவை கைக்குழந்தைகள். எங்கள் ஊரில் குழந்தைகள் தறிச்சத்தத்தில்தான் தூங்கும். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் வீறிட்டு எழுந்துகொள்ளும், கரண்ட் வந்ததும் தானாகவே கண்ணை மூடிக்கொள்ளும். அன்று காலை பூசணிக்காய் உடைத்துச் சூடம் காட்டித் தறிகளை ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்த அத்தனை குழந்தைகளும் ஒன்றாக அழ ஆரம்பித்தன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தோம். பழக்கத்தில் கை தானாகப் போய் மோட்டார் சுவிட்சை அணைத்தது. தெருவுக்கு வந்து டிரான்ஸ்ஃபார்மரை அண்ணாந்து பார்த்தோம். மின்வாரிய ஆபீஸுக்கு போன் போட்டு, நல்ல நாள் அதுவுமாக இப்படிச் செய்யலாமா என்று திட்டினோம். போனை எடுத்தவர், கரண்ட் எங்கேயும் போகவில்லையே என்றார். திரும்பிப் பார்த்தால் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மறுபடி சுவிட்சைப் போட்டோம். தறிகள் ஓடின; குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் பாய்ந்தது; துணி விரல் விரலாக வளர்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. தரையில் எப்போதும் இருக்கும் அதிர்வும் இல்லை. தண்ணீருக்கு அடியில் ஓடுகிற தறிகளைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

சத்தம் எங்கே போனது என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் வரவில்லை. அது ஜீவகனின் கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது.

ஜீவகன் கிணத்துமேட்டு வீதியில் தறிப்பட்டறை வைத்திருக்கும் ராமலிங்கத்தின் மகன். பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு எலக்ட்ரிக் கிதாரோடு ஊர் திரும்பியவன். அவனும், சர்ச்சில் பாடுகிற நர்ஸ் ஹெலன் ராணியும், தறிகளைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்துகொண்டே மாரியம்மன் கோயில் நோன்புக்குப் பம்பை அடிக்கும் நல்லசிவமும் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தார்கள். அதன் பெயர் ‘ஒடிஞ்ச நாடா’. அவர்கள் போட்ட ஒரே ஆல்பத்தின் பெயர் ‘வேஸ்ட் நூல்’. தறியில் அறுந்து விழும் பல நிற நூல்களைச் சுருட்டிப் பந்தாக்கி, மெஷின் துடைக்க வைத்திருப்போமே, அந்தப் பந்தைப்போல ஒரு ஆல்பம் வேண்டும் என்று ஜீவகன் சொல்லியிருந்தான். அதில் கிதார் உறுமியது, பம்பை அதட்டியது, ஹெலன் ராணி தேவாலயத்துக் குரலில் கும்மிப்பாட்டைப் பாடினாள், மஞ்சள் மண்டியில் ஏலம் கூவுகிறவரின் குரல் திடீரென்று நடுவில் வந்து நின்றது, பழைய இரும்புக்குப் பாத்திரம் தரும் வண்டிக்காரர் தன் ஒலிபெருக்கியோடு ஒரு பாட்டுக்குள் நுழைந்து இன்னொரு பாட்டு வழியாக வெளியேறினார். இத்தனையையும் ஒன்றாகக் கட்டுவதற்கு அடியில் ஒரு தாளம் வேண்டியிருந்தது. ஊர்த் தறிகள் அத்தனையும் ஒன்றாக ஓடும் சத்தம்தான் அந்தத் தாளம் என்று ஜீவகன் முடிவு செய்தான்.

ஆயுதபூஜைக்குத் தறிகளை நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்தால், விஜயதசமி அன்று ஒவ்வொரு முதலாளியும் தன் ஜாதகத்துக்கு ஏற்ற நேரம் பார்த்துத்தான் மறுபடி ஓட்டுவார். ஒருவர் நேரம் இன்னொருவருக்கு ஆகாது. அந்த வருஷம் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும் என்று ஜீவகன் தறி உரிமையாளர் சங்கத் தலைவர் சென்னியப்பனிடம் போய்க் கேட்டான். ஆல்பத்தின் நன்றி வரிசையில் தன் பெயர் முதலில் வரும் என்றால் சரி என்றார் அவர். வந்தது. அப்படித்தான் ஊரின் அத்தனை தறிகளும் எங்கள் வரலாற்றில் முதல் தடவையாக ஒரே கணத்தில் ஓடத் தொடங்கின. ஜீவகன் தண்ணீர்த் தொட்டியின் மேல் மைக்குகளோடு உட்கார்ந்திருந்தான். போதும் என்று தோன்றியபோது பொத்தானை அழுத்தி நிறுத்தினான். அவன் நிறுத்தியதும் சத்தமும் நின்றது.

யாரும் அவன்மேல் கோபப்படவில்லை. தறி ஓடுகிறது, துணி வருகிறது, மழை பெய்கிறது. தீபாவளிக்குள் சத்தமும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டோம். அதற்குள் வேறொரு தொல்லை ஆரம்பித்திருந்தது.

நாங்கள் சத்தமாகப் பேசுகிறவர்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து தறிச்சத்தத்துக்கு மேலே ஏறி நின்று பேசிப் பேசி எங்கள் தொண்டைகள் அப்படி ஆகியிருந்தன. பட்டறைக்குள் வாயசைப்பிலும் கையசைப்பிலும் பேசிக்கொள்வோம். வீட்டுக்கு வந்தால் கத்துவோம். கத்தினாலும் சுவரைத் தாண்டாது என்பது எங்கள் வீடுகளின் அஸ்திவாரம்போல. இப்போது சத்தம் போய்விட்டது, தொண்டைகள் அப்படியே இருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னறையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்க, சமையலறையில் பெண்ணின் அம்மா தன் மகளின் காதோரம், மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி ரகசியமாகக் கேட்ட கேள்வி மூன்று வீடு தள்ளியும் கேட்டது. மாப்பிள்ளை கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். ஜவுளித் தரகர் ரங்கநாதன் வெளியே புலிபோலத் திரிகிறவர், வீட்டில் மனைவி லோகநாயகியிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறார் என்பது தெரிந்தது. சங்கத் தலைவர் தன் பூனையிடம் எப்படிப் பேசுகிறார் என்பது தெரிந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகளில் தம்பி, அண்ணன் தன்னைப் பற்றி நல்லவிதமாக யாரிடமோ சொல்வதைச் சுவர் வழியே கேட்டுவிட்டு, இத்தனை வருஷம் வளர்த்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் வெகுநேரம் நின்றார். நாங்கள் மானமாக வாழ்ந்ததெல்லாம் அந்தச் சத்தத்தின் தயவில்தானா என்று ஒருவரையொருவர் கேட்காமல் கேட்டுக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை மெதுவாகப் பேசப் பழகும் வகுப்பு ஒன்று நடத்திப் பார்த்தார். வந்தவர்கள் வகுப்பு எப்படி இருந்தது என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது, வகுப்பை நிறுத்திவிட்டார். பட்டறையில்போல வீட்டிலும் வாயசைப்பில் பேசலாமே என்றார்கள் சிலர். வாயசைப்புக்கு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டே சண்டை போட எங்களுக்குப் பழக்கமில்லை.

தை பிறந்தபோது ‘வேஸ்ட் நூல்’ வெளியானது. எங்கோ குளிர் தேசத்திலிருந்து ஒருவர், இப்படி ஒரு கலவையைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று எழுதியிருந்ததை ஜீவகன் மூன்று தடவை படித்துக் காட்டினான். ஊரில் அதன் உபயோகத்தைக் கண்டுபிடித்தது லோகநாயகி. புருஷன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்த சமயம் அவள் போனில் முதல் பாட்டைப் பெரிதாக வைத்தாள். தறிகள் அத்தனையும் அவர்கள் கூடத்துக்குள் வந்து நின்றன. ரங்கநாதன் நிம்மதியாக மன்னிப்புக் கேட்டார். ஒரு வாரத்தில் ஸ்பீக்கர் இல்லாத வீடு ஊரில் இல்லை. மாமியார் மருமகள் பேச்சுக்கு முதல் பாட்டு. வரன் விஷயத்துக்கு மூன்றாவது. ஹெலன் ராணி உச்சத்தில் போய் நிற்கும் ஐந்தாவது பாட்டு அழுவதற்கு. கடைசிப் பாட்டு நீளமானது என்பதால் சொத்துப் பிரிவினைக்கு. ஒரு வீட்டில் ஐந்தாவது பாட்டு ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் எதுவும் கேட்காமல் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இப்படி ஒரு மரியாதை எங்களுக்குள் தானாக வளர்ந்தது. எந்தப் பாட்டில் எந்த இடம் பிடித்திருக்கிறது என்று ஜீவகன் டீக்கடையில் கேட்டான். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நன்றாக ஓடுகிறது தம்பி என்றார் டீக்கடைக்காரர், மிக்ஸியைப் பற்றிச் சொல்வதுபோல. உலகத்திலேயே ஒரு ஊர் முழுக்கப் பகலெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த ராக் ஆல்பம் அதுவாகத்தான் இருக்கும். அதை அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

நல்லசிவத்தின் மனைவி சம்பூரணத்துக்கு அது கேட்கவே வழியில்லை. அவள் சாயப்பட்டறை வீதியில் தறி ஓட்டினாள். சிறுவயதிலிருந்தே தறியில் நின்றதில் அவள் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கல்யாணத்துக்கு முன்பே முழுக்கப் போய்விட்டது. கூப்பிட்டால் கேட்காது, இடி கேட்காது, கோயிலில் புருஷன் அடிக்கிற பம்பை கேட்காது. அவன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தறி மட்டும் கேட்கும். காதில் இல்லை, பாதத்தில் ஏறி, முழங்கால் வழியாக மேலே வந்து, தாடை எலும்பில் உட்கார்ந்து கேட்கும் என்று அவள் சொல்வாள். டாக்டர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் டாக்டர்களை ஒப்புக்கொள்ளவில்லை. நூல் அறுந்தால் பார்க்காமலே தெரியும், நாடாவுக்குள் நூல் சுற்றியிருக்கும் தார் தீரப்போவது தீர்வதற்கு முன்பே தெரியும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் ஊர்த் தறிகள் தரைவழியாக அவளிடம் வந்துகொண்டேயிருக்கும். அதனால் அவளைச் செவிடு என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

விஜயதசமிக்குப் பிறகு அவள் நிஜமாகவே செவிடானாள். தரை செத்துப்போயிருந்தது. அவள் நெய்த துணியில் பழுது விழுந்தது. தார் தீர்ந்தது தெரியாமல் வெறும் நாடா ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி அவள் பக்கத்தில் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தினார். அவள் தூக்கம் போயிற்று. மதியச் சோற்று நேரத்தில் ரைஸ் மில்லின் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அது வேறு ஏதோ என்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுவாள். நல்லசிவம் ஸ்பீக்கரை அவள் முன்னால் வைத்து, அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே ஆல்பம் அவள் உள்ளங்கைக்குக் கீழே முழுக்க ஓடியது. அவள் பொறுமையாக வைத்திருந்தாள். கடைசியில், ஜுரம் வந்த உடம்பைத் தொடுவதுபோல இருக்கிறது என்று வாயசைத்தாள். நல்லசிவம் ஸ்பீக்கரை அணைத்தான். பக்கத்து வீட்டில் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஜீவகன் தன் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, ஆல்பத்தில் சேராத ஒரு துணுக்கை அழித்தான். கண் சிமிட்டும் நேரத்துத் துணுக்கு. அதே கணத்தில் பள்ளிக்கூட வீதியில் ஒரு தறி ‘டக்’ என்றது. நாடா வலப்பக்கம் போய்ச் சேரும்போது மட்டும் டக். இடப்பக்கம் சத்தமில்லை. ஊரே போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டு வந்தவர்கள் தலை வலிக்கிறது என்றார்கள். ஒரு டக் கேட்டதும் மனசு அடுத்த டக்குக்காகக் காத்திருக்கிறது, அது வருவதில்லை, இப்படியே பத்து நிமிஷம் நின்றால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். சம்பூரணம் மட்டும் தினமும் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தறியின் வலப்பக்கமாக நிற்பாள். யாரோ ஒருவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு தன்னைத் தேடி வருவதுபோல இருக்கிறது என்று நல்லசிவத்திடம் சொன்னாள். அன்று சாப்பிட்டாள், தூங்கினாள். கொஞ்ச நாளில் தறிக்காரர் தன் வேலையாட்கள் நிற்கமாட்டேன் என்கிறார்கள் என்று அந்தத் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. தறி வண்டியில் ஏறிப் போவதைச் சம்பூரணம் வீதி முனைவரை கூடவே நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

அழித்தால் திரும்பி வரும் என்பது இப்படித் தெரிந்துபோனது. நல்லசிவம் ஜீவகனிடம் போய், மொத்தத்தையும் அழித்துவிடச் சொன்னான். ஜீவகன் தன் கிதாரைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், நல்லசிவத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆல்பத்துக்கு முன்னால் தான் யாராகவும் இருந்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். இன்னொன்று வரும் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இல்லை. இதைச் சங்கத்தில் வைத்துப் பேசுவோம் அண்ணா என்றான். தனக்குக் கஷ்டமான ஒன்றை எல்லோருடைய விஷயமாக மாற்றிவிடுவது நல்ல வழிதான். நாமும் அதைத்தானே செய்கிறோம்.

சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் கூடினோம். தலைமையாசிரியை, பிள்ளைகளுக்கு இப்போதுதான் பாடம் காதில் விழுகிறது என்றார். ஹெலன் ராணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டர், இன்னும் இருபது வருஷம் இப்படியே போனால் இந்த ஊரில் சம்பூரணங்கள் இருக்கமாட்டார்கள் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தன் குழந்தை முதன்முதலில் சொன்ன வார்த்தையை அடுத்த அறையிலிருந்தே கேட்டதாக ஒரு இளம்பெண் சொன்னபோது பலர் தலையாட்டினார்கள். எல்லாம் நியாயம். ஆல்பம் போய்விட்டால் வீட்டில் எதை வைத்துக்கொண்டு பேசுவது என்று ரங்கநாதன் கேட்க வந்து, தறிச்சத்தம்தான் திரும்பி வந்துவிடுமே என்பது ஞாபகம் வந்து, உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் பாட்டு வேண்டுமென்றால் வைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். தறியை அப்படி நிறுத்த முடியுமா என்றார்கள். அந்தச் சௌகரியத்துக்கு நாங்கள் பழகியிருந்தோம்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “மாப்ளே, அம்மிணிக்கு ஒரு நல்ல ரேடியோவா பாத்து வாங்கிக் குடுத்துப்போடுங்க” என்றார். சிரிப்பு எழுந்தது.

“அவளுக்குக் கேக்காதுங்க” என்றான் நல்லசிவம்.

“ரேடியோ கேக்காது, தறி மட்டும் கேக்குமா? அது எப்படிங்க மாப்ளே?”

பன்னிரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்தும் நல்லசிவத்துக்கே அது முழுசாக விளங்கியதில்லை. அவன் உட்கார்ந்தான். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்த சமயம், அதுவரை ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்ற சம்பூரணம் முன்னால் வந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவள் குரலை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. தன் காதுக்கு எட்டாத குரல் என்பதால் அது திடீரென்று உயர்ந்தும் நடுவில் தணிந்தும் வந்தது.

“உங்களுக்கெல்லாம் ஒரு சத்தம் போச்சுங்க, பத்துச் சத்தம் வந்துச்சு. குழந்தை பேசறது கேக்குது, குருவி கத்தறது கேக்குது. எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதையக் கொண்டுபோய் நீங்க சண்டை போடறதுக்கு வெச்சிருக்கறீங்க.”

எங்கே பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த அவஸ்தை தாங்காமல் யாரோ பழக்கத்தில் தன் போனில் ஐந்தாவது பாட்டை வைத்துவிட்டார். ஹெலன் ராணியின் குரல் கூட்டத்துக்கு நடுவில் உயர்ந்து நின்றது. ஹெலன் ராணியே எழுந்து போய் அந்தப் போனை வாங்கி அணைத்தாள்.

அப்போதுதான் ஜீவகன் எழுந்தான். முழு ஆல்பத்தையும் தன்னால் கொடுக்க முடியாது, ஒரு பாட்டைக் கொடுக்கிறேன் என்றான். ஒரு பாட்டு அழிந்தால் ஒரு வீதிக்காவது சத்தம் திரும்பும். சம்பூரணக்கா அந்த வீதிக்கு வேலைக்கு வந்துவிடட்டும். எந்தப் பாட்டு என்றார் சென்னியப்பன். இரண்டாவது என்றான் ஜீவகன். அது இருப்பதிலேயே சுமாரான பாட்டு, யார் வீட்டிலும் எதற்கும் அதைப் போடுவதில்லை. எந்த வீதிச் சத்தம் அதில் இருக்கிறது என்று கேட்டார்கள். அது தெரியாது என்றான். ஊர் முழுக்க ஒரே குவியலாகப் பதிந்தது; நூல் பந்தைக் கத்தியால் வெட்டியதுபோல வெட்டித்தான் பாட்டுகளுக்குள் வைத்திருந்தான். கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்த வீதிக்காரரைப் பார்த்தார்கள். சம்பூரணத்துக்குச் சத்தம் வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது தங்கள் வீதியாக இருக்கக்கூடாது என்பதிலும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் ஊர் காத்திருந்தது. கைக்காரியத்தைப் போட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். சில வீடுகளில் குழந்தைகளைக் காவிரிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜீவகன் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான், நல்லசிவம் பின்னால் நின்றான். ஒரு தடவை கேட்டுவிடலாமா என்று ஜீவகன் கேட்டான். கேட்டார்கள். மற்ற பாட்டுகளைவிட அது இன்னும் நன்றாக இருப்பதுபோல அந்தச் சமயம் இருவருக்கும் தோன்றியது. தறியை மட்டும் தனியே உருவி எடுத்து அனுப்பிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியுமா என்று ஜீவகன் ஏற்கெனவே பல வழிகளில் முயன்று பார்த்திருந்தான். முடியவில்லை. அவ்வளவு கெட்டியாகச் சேர்ந்து போயிருந்தது. சேர வேண்டும் என்றுதானே அவ்வளவு நாள் உழைத்தான்.

“அழிங்க தம்பி” என்றான் நல்லசிவம்.

ஜீவகன் அழித்தான். அறையின் ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. கீழே அவன் அப்பாவின் பட்டறையிலும், பக்கத்துப் பட்டறையிலும், எதிர்ப் பட்டறையிலும், கிணத்துமேட்டு வீதி முழுக்கவும் தறிகள் ஒன்றாக வாய் திறந்தன. ராமலிங்கம் வாசலில் நின்று மாடியைப் பார்த்து மகனை வைதார். அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஊரில் அத்தனை போன்களிலும் இரண்டாவது பாட்டு இருந்த இடத்தில் ஒன்றுமில்லாத நேரம் ஓடியது. மற்ற வீதிக்காரர்கள் மூச்சு விட்டார்கள். அன்று மதியம் அநேகமாக எல்லா வீட்டிலும் பாயசம் வைத்ததாகச் சொல்வார்கள். கிணத்துமேட்டு வீதிக் குழந்தைகள் தூங்கிவிட்டன.

சம்பூரணம் சாயப்பட்டறை வீதியிலிருந்து நடந்து வந்தாள். யாரும் போய்ச் சொல்லவில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்த பக்கம் அவளும் நடந்தாள். வீதி முனைக்கு வந்ததும் நின்றாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், மறு காலை வைத்தாள். பிறகு அங்கேயே புழுதியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். வெயில் ஏறும்வரை அப்படி இருந்தாள். யாரும் எழுப்பவில்லை. ராமலிங்கம் மகன்மேல் இருந்த கோபத்தோடேயே உள்ளே போய் நாலு தறிகளைக் காலி செய்து வைத்தார்.

அதன் பிறகு அவள் துணியில் பழுது விழவில்லை. ஜீவகன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தான். அந்த அறையில் இனி எதையும் பதிவு செய்ய முடியாது. மற்ற வீதிகளில் மற்ற பாட்டுகள் வழக்கம்போல ஓடின. தனியாகப் பேச வேண்டும் என்று தோன்றிய சிலர் ஸ்பீக்கரை விட்டுவிட்டுக் கிணத்துமேட்டு வீதிக்கு நடந்து வந்து, சுவரோரம் நின்று, மனசு ஆறும்வரை கத்திப் பேசிவிட்டுப் போனார்கள். அதையும் ஊர் பழகிக்கொண்டது.

வைகாசியில் ஒருநாள் மதியம், ராமலிங்கத்தின் பட்டறையில் ஒரு தறி மக்கர் செய்கிறது என்று நல்லசிவம் ஸ்பேனரோடு வந்தான். சம்பூரணம் தன் தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கிட்டே கூப்பிட்டு, உள்ளே ஒரு பாட்டு இருக்கிறது என்று வாயசைத்தாள். அவனுக்குப் புரியவில்லை. முதல் நாளே இருந்தது, ஆசையில் சரியாகக் கவனிக்கவில்லை, இப்போது தினமும் கேட்கிறேன் என்றாள். கம்பியை ராவுவதுபோல ஒன்று வருகிறது, ஒரு பெண் மேலே போய்ப் பாடுகிறாள், யாரோ எதையோ ஏலம் விடுகிறார்கள், பம்பை அடிக்கிறது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வருகிறது. நல்லசிவம் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். அவனுக்குத் தடதடவென்ற தறிச்சத்தம் மட்டும்தான் கேட்டது. வீதியில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் கேட்டது. பிரியாத அளவுக்குச் சேர்த்துவிட்ட பொருள், தறிகளுக்குத் திரும்பி வந்தபோது அப்படியே முழுசாக வந்திருந்தது. வேறு எந்தச் சத்தமும் குறுக்கே வராத ஒருத்திக்குத்தான் அது கேட்க முடிந்தது.

அந்த ஆல்பம் எப்படி இருக்கிறது என்று அவன் அதுவரை ஊரில் யாரையும் கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

“எப்படி இருக்குது, புள்ள?”

பக்கத்துத் தறியில் தார் தீரப்போனது; அவள் போய் மாற்றிவிட்டு, நாடாவை ஓடவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அந்தப் பொண்ணு நல்லாப் பாடுது. பம்பை அடிக்கறது நீங்களா மாமா?”

ஆமாம் என்று தலையாட்டினான்.

“எல்லாரும் ஒண்ணா நடந்து போறாங்க. ஒரு இடத்துல நீங்க மட்டும் முன்னால ஓடறீங்க. அவங்களை உட்டுப்போட்டு அப்படி எங்கீங்க போறீங்க?”

நல்லசிவத்தின் முகம் சுருங்கியது. தன் அடி தாளத்தை முந்துகிறது என்று அதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் தறியின்மேல் வைத்தான். பிறகு அவள் முகத்துக்கு நேராக நின்று, எந்த இடத்தில் என்று கேட்டான்.

அவள் இடது கையைத் தூக்கி, பொறுங்கள் என்பதுபோலக் காற்றில் பிடித்துக்கொண்டாள். பாட்டு அந்த இடத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. தறிகள் ஓடின. பட்டறையில் மற்றவர்கள் வேலையைப் பார்த்தார்கள். அந்தக் கை இறங்கும் கணத்தை எதிர்பார்த்து, தன் இரண்டு கைகளையும் பம்பை அடிக்கிறவனைப்போல முன்னால் தயாராக வைத்துக்கொண்டு, நல்லசிவம் காத்திருந்தான்.